இறங்கியபோது இல்லாத எடை

கதவைத் தட்டுகிறவனை ஹைன்ஸ் லேக்கில் யாரும் நம்புவதில்லை. வேண்டியவர்கள் என்றால் நேராக அடுப்படிக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிப்போட்டு, நாற்காலியை இழுத்துக்கொள்வார்கள். தட்டுகிறவன் ஒன்று போலீஸ்காரனாக இருப்பான், இல்லையென்றால் எதையாவது விற்க வந்தவனாக இருப்பான். ரெமி கோத்தியே தட்டினான். தட்டிவிட்டு, திறக்கிற வரைக்கும் பனியில் நின்றான். விமான நிலையக் கேண்டீன் நடத்துகிற மினா பட்ஜெலுக்கு அந்த நிமிடமே அவன்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

"திறந்துதானே கிடக்கு தம்பி, உள்ள வர வேண்டியதுதானே?" என்றாள்.

"அனுமதி இல்லாம எப்படி மேடம்?" என்றான் அவன். மாண்ட்ரியால்காரன். புதிய விமானக் கம்பெனியின் ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும், முகத்தில் சிரிப்பே கிடையாது. தோள்பையிலிருந்து ஒரு தராசை எடுத்தான். மீன்கடையில் தொங்குமே, அந்த மாதிரிக் கொக்கித் தராசு.

"நீங்க பயணிகளுக்குப் போடப்போற சாப்பாட்ட ஒரு தட்டு எடுத்து வைக்கிறீங்களா? எடை பார்க்கணும்."

கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்தில் ஐம்பத்திரண்டு வருடம் வாழ்ந்தவள் மினா. சாப்பாட்டை ருசி பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறாள், குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறாள். எடை போட்டுப் பார்த்தவனை அன்றைக்குத்தான் பார்த்தாள். உப்புக்கண்டம், முட்டைக்கோஸ், டர்னிப், உருளைக்கிழங்கு, பட்டாணிக் களி எல்லாம் வைத்து ஒரு தட்டை அவன் முன்னால் தள்ளினாள். அவன் ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை. துணிப்பையில் போட்டுக் கொக்கியில் மாட்டி, முள்ளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டான்.

"வயித்துக்குள்ள போனதுக்கு என்னப்பா எடை?" என்று கேட்டாள் மினா.

"தட்டுல இருந்தாலும் வயித்துல இருந்தாலும் விமானத்துக்கு ஒண்ணுதான் மேடம்."

கம்பெனியின் யோசனை என்னவோ கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. லண்டனிலிருந்து மெக்ஸிகோ சிட்டிக்கு ஒரே மூச்சில் பறக்கிற பெரிய விமானம், எரிபொருளில் ஒரு பங்கை மிச்ச எரிபொருளைச் சுமப்பதற்கே எரித்துத் தீர்க்கிறது. நடுவழியில் ஓர் ஊரில் இறங்கி நிரப்பிக்கொண்டால் சின்ன விமானமே போதும். உள்ளே சமையலறை வேண்டாம், விற்பனை வண்டி வேண்டாம். பயணிகள் இறங்கிக் காலை நீட்டி, ஒரு மேஜையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். ஆளுக்கு இவ்வளவு எரிபொருள்தான் என்று டிக்கெட்டிலேயே உறுதி சொல்வார்கள். அதற்கு மேல் எரிந்தால் பயணிக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். அதனால் எடைதான் அவர்களுக்குச் சாமி. லண்டனில் பயணியைப் பையோடு சேர்த்து நிறுத்தி எடை பார்த்துத்தான் ஏற்றினார்கள்.

நடுவழி ஊர் என்றால் ஹைன்ஸ் லேக்தான். யுத்த காலத்து ஓடுபாதை அங்கே இன்னும் கல்லுப்போலக் கிடக்கிறது. ஒரு காலத்தில் கடலைத் தாண்டுகிற விமானம் எதுவும் அங்கே இறங்காமல் போனதில்லை. பிறகு விமானங்களுக்குத் தம் கூடிப்போய், ஊருக்கு மேலே வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தன. அதிலிருந்து யார் யாரோ வந்தார்கள். ஒருவன் ஹெலிகாப்டர் தொழிற்சாலை என்றான். ஒருவன் கண்ணாடிக் கொட்டகையில் காளான் என்றான். மேயர் ஒவ்வொரு தடவையும் ரிப்பன் வெட்டினார். ரிப்பன் விற்றவனுக்கு மட்டும்தான் லாபம்.

அதனால் ஊரே இவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. ஆனால் மினாவுக்கு இது வெறும் வம்பு இல்லை. அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் பதினாறு வருடமாக நாட்டின் மறுகோடி ஆல்பர்ட்டாவில், எண்ணெய் மணல் சுரங்கத்தில் கிடக்கிறான். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அந்த ஒரு வாரத்திலும் பாதியைத் தூங்கித் தீர்த்துவிட்டு, மிச்சத்தில் கூரையை ஒழுங்கு பண்ணிவிட்டுப் போய்விடுவான். போன மாதம் வந்தபோது மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான். மினா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விமானக் கம்பெனி ஹைன்ஸ் லேக்கையே தேர்ந்தெடுத்தால் ஓடுபாதை வண்டிகளைப் பழுதுபார்க்கிற வேலை அவனுக்குத்தான் என்று எழுத்து மூலமாகவே சொல்லியிருந்தார்கள். மூன்று சோதனை விமானங்கள். மூன்றும் சரியாகப் போகவேண்டும். இல்லையென்றால் லாப்ரடாரில் இன்னோர் ஊர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

முதல் விமானம் வந்தது, போனது. இரண்டாவதும் வந்தது, போனது. ஒவ்வொரு தடவையும் நூற்று முப்பது பேர் மினாவின் விமான நிலையக் கேண்டீனில் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஊரில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்து, பரிமாற நின்று, பயணிகளோடு உட்கார்ந்து கதையளந்தார்கள். ஹெட்லி என்கிற கிழவர் அக்கார்டியன் வாசித்தார். எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ரெமி மட்டும் மூலையில் நின்று எல்லார் கையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது விமானம் போன மறுநாள் காலை ஆம்ப்ரோஸின் தங்கை டல்சி அடுப்படிக்குள் நுழைந்தபோதே முகம் கடுகடுவென்றிருந்தது.

"அண்ணி, அந்தத் தராசுக்காரன் என்ன பண்றான் தெரியுமா? நேத்து கேண்டீன் கரண்டிய எடை போட்டான். நாற்காலிய எடை போட்டான். குப்பைப்பையத் திறந்து மோந்து பாத்தான். நான் கண்ணால பாத்தேன்."

"குப்பையவா?"

"குப்பையத்தான். என்ன தேடுறான்னு கேட்டா 'ஒண்ணுமில்ல மேடம்'ங்கிறான். ஒண்ணுமில்லாததுக்கு எவனாவது குப்பைக்குள்ள தலைய விடுவானா? லாப்ரடார்காரன் இவன நல்லாக் கவனிச்சிருக்கான். நம்மள எதுலயாவது மாட்டிவிட்டுட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்கான்."

"வாய மூடுடி. சும்மா எதையாவது கெளப்பாத," என்றாள் மினா. ஆனால் கெட்டில் கொதித்துக் கத்துவதுகூடக் காதில் விழாமல் நின்றாள். டின் பால் ஊற்றாமலே தேநீரைக் கொடுத்தாள். டல்சி அதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

சாயந்திரம் ரெமியே கேண்டீனுக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வார்த்தையைத் தேடித் தேடிப் பேசினான்.

"சாப்பாட்டக் கழிச்சும் ரெண்டு விமானமும் இங்கேருந்து அதிக எடையோட போயிருக்கு மேடம். முந்நூறு கிலோவுக்கு மேல. மெக்ஸிகோவுல இறங்கினதும் சக்கரத்துக்கு அடியில எடைத்தட்டு வச்சுப் பாத்தாங்க. எரிபொருளும் கூடுதலா எரிஞ்சிருக்கு. லண்டன்லேருந்து இங்க வர்றவரைக்கும் கணக்கு சரியா இருக்கு. இங்க இறங்கினப்போ இல்லாத எடை, இங்கேருந்து ஏறியிருக்கு."

"அதுக்கு?"

"உங்க ஊர்லேருந்து யாரோ எதையோ அனுப்புறாங்க."

மினாவுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. "என்னத்த அனுப்புறாங்க? சொல்லு. வாயத் திறந்து சொல்லு தம்பி."

அவன் தரையைப் பார்த்தான். அதுவே போதுமானதாக இருந்தது. தன் ஊர்க்காரர்களைக் கடத்தல்காரர்கள் என்று நினைக்கிறான் இவன். அவள் கையால் சாப்பிட்டவர்களின் பைக்குள் அவள் ஊர்க்காரர்கள் கள்ளச் சரக்கைத் திணித்து அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறான்.

"நீ சொல்ற எடைய நீ மட்டும்தான் பாத்தே," என்றாள் மினா. "தராசு உன்னோடது. கணக்கு உன்னோடது. கம்பெனி உன்னோடது. எங்களுக்குன்னு இருக்கிறது கண்ணு ரெண்டுதான். அதையும் மூடிக்கிட்டு நீ சொல்றதுக்குத் தலையாட்டணுமா?"

"இன்னும் ஒரு விமானம் இருக்கு மேடம். அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டா நல்லது. உங்களுக்குத்தான் நல்லது," என்றான். மினாவுக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது.

மூன்றாவது விமானத்தன்று அவள் ஏற்பாடெல்லாம் செய்துவிட்டாள். இவனே மணல் மூட்டையோ இரும்போ ஏற்றிவிட்டு ஊர்ப்பேரைக் கெடுக்கிறான் என்பது அவள் முடிவு. டல்சியையும் ஹெட்லியையும் விமானத்தின் வயிற்றுக் கதவுக்கு எதிரே, பனி வாருகிற வண்டிக்குள் உட்கார வைத்தாள். "எறும்பு ஏறினாலும் எனக்குத் தெரியணும்," என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கண்கொட்டாமல் காவல் காத்தார்கள். உள்ளே மினா பரிமாறிக்கொண்டே ரெமியின் கையைக் கவனித்தாள். ரெமி நின்றுகொண்டே மினாவின் கையைக் கவனித்தான். நடுவில் உட்கார்ந்திருந்த நூற்று முப்பது பேரும் ஒன்றும் தெரியாமல் முட்டைக்கோஸைத் தின்றார்கள்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் டல்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள், பின்னாலேயே ஹெட்லியும். "ஒரு குண்டூசிகூட ஏறல அண்ணி! குழாய் வந்துச்சு, எண்ணெய் ஊத்துச்சு, போச்சு. வயித்துக் கதவத் திறக்கவே இல்ல."

அவ்வளவுதான். மினாவுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த கரண்டியை மேஜையில் டொக்கென்று வைத்தாள். கேண்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பரிமாற வந்திருந்த ஊர்க்காரர்கள், சமையல்கட்டு வாசலில் நின்றவர்கள், மேயர், எல்லாரும் பார்த்தார்கள்.

"தம்பி, உன் பெரிய தராச எடுத்துட்டு வா. வாசல்ல வை. இப்பவே ஒவ்வொருத்தரா நிறுத்து. எல்லார் முன்னாடியும் நிறுத்து. எவன் பொய் சொல்றான்னு தெரிஞ்சிடட்டும்."

"வேண்டாம் மேடம். அவங்க ஏறினப்புறம் நானும் நீங்களும் தனியா…"

"பாத்தியா டல்சி? பயந்துட்டான்," என்றாள் மினா. "என்ன தனியா? எங்க ஊரப் பத்தி நாலு சுவத்துக்குள்ள எழுதிட்டுப் போகலாம்னு பாக்குறியா? வை தராச."

அவன் வைத்தான். வாசலில் ஒரு கறுப்புத் தட்டு. முதலில் ஏறி நின்றவள் லண்டனில் படிக்கிற ஒரு பெண். ரெமி கையிலிருந்த கருவியைப் பார்த்தான். லண்டன் எடையைச் சொன்னான், சாப்பாட்டுக்கு விட்டதைச் சொன்னான், இப்போதைய எடையைச் சொன்னான். இரண்டரைக் கிலோ கூடுதல்.

"உங்க கோட்டைக் கொஞ்சம் திறக்கறீங்களா?" என்றான்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திறந்தாள். ஒளிக்க அவளுக்கு என்ன இருந்தது? உள்பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டில் வந்தது. சதுப்பு நிலத்து மஞ்சள் பழம், மூடியில் பூப்போட்ட துணி கட்டியிருந்தது. இன்னொரு பையிலிருந்து கம்பளிக் காலுறை. தோள்பைக்குள் மூஸ் மான் கறி அடைத்த கண்ணாடிப் புட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, தேநீர்த் துணியில் சுற்றிய வெல்லப்பாகு ரொட்டி, இன்னும் சூட்டோடு.

கேண்டீனில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"காலுறை என்னோடது," என்றாள் டல்சி மெதுவாக. "ஒரே ஒரு ஜோடிதான் அண்ணி. அந்தப் பொண்ணு காலுல ஒண்ணுமே இல்லாம இறங்கி வந்துச்சு, கையில கொடுத்துட்டுத்தான் காவலுக்குப் போனேன்."

"புட்டி நான் கொடுத்தேன்," என்றார் ஹெட்லி. "போன தடவையும் கொடுத்தேன். அது என்ன பெரிய சமாச்சாரம்? மெக்ஸிகோவுல மூஸ் கெடைக்குமா?"

இரண்டாவது ஆள் ஏறினான். மூன்றாவது. நான்காவது. உப்பு மீன், கிறிஸ்துமஸ் கேக், பெர்ரி ஒயின், யாரோ ஒருவர் செதுக்கிய மர வாத்து. ஒவ்வொருவரும் தான் மட்டும் ஒரு சின்ன சாமான் கொடுத்ததாகத்தான் நினைத்திருந்தார்கள். ஊர் முழுக்கத் தனித்தனியாக அப்படி நினைத்திருந்தது. ஆனால் எவர் பையைத் திறந்தாலும் தவறாமல் இருந்தது அந்த ரொட்டிதான். ஒவ்வொரு கோட்டிலும், ஒவ்வொரு கையிலும் ஒரு ரொட்டி.

ரெமி கேட்கவில்லை. மினாவே சொன்னாள். "அது நான் போட்டது. கோட்டு மாட்டுற அறையில ஆளுக்கொண்ணா வச்சிட்டுத்தான் பரிமாற வந்தேன்."

"நூத்தி முப்பது ரொட்டியா மேடம்?"

"உன் விமானத்துல சமையல்கட்டு இல்லேன்னியேப்பா. ஏழு மணி நேரம் பட்டினியாவா அனுப்புறது? வழியில பசிச்சா என்ன பண்ணுவாங்க?" சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு வாரமாக இவன் தேடிக்கொண்டிருந்த 'எதையோ' தான் சுட்ட ரொட்டிதான் என்று அவள் மனதில் ஒரு நொடிகூடத் தோன்றியதில்லை. அனுப்புவது என்றால் அவளுக்குப் பார்சல். ரொட்டி எப்படிப் பார்சலாகும்? வந்தவர் வெறுங்கையோடு படியிறங்கினால்தான் அந்த ஊரில் கணக்கு இடிக்கும்.

ரெமி சுவரில் சாய்ந்துகொண்டான். முதல் தடவையாக அவன் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. "நான் போதைப்பொருள்னு நினைச்சேன்," என்றான் தாழ்ந்த குரலில். "மேலிடத்துல போலீஸ்கிட்ட சொல்லச் சொன்னாங்க. மூணாவது விமானம் வரைக்கும் பொறுங்கன்னு நான்தான் கெஞ்சினேன்."

மினாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கம் பிடுங்கியது. அடுத்த நொடியே, இதுவும் நடிப்பாக இருந்தால் என்று ஒரு மூலையில் தோன்றவும் செய்தது. பழகிய மனது அவ்வளவு லேசில் விடுமா?

"இப்ப என்ன பண்றது?" என்றாள்.

"எல்லாத்தையும் இறக்கிட்டா இந்த விமானம் கணக்குக்குள்ள போகும். முதல் ரெண்டுக்கும் காரணம் இதுதான்னு நான் எழுதிடுவேன். ஹைன்ஸ் லேக் ஜெயிச்ச மாதிரி. இறக்கலேன்னா மூணும் தப்பு."

"சாப்பாட்ட ஒரு கரண்டி கொறச்சு, ரொட்டிய மட்டுமாவது…"

"சாப்பிட்டு முடிச்சிட்டாங்களே மேடம்."

மினா ஊர்க்காரர்களைப் பார்த்தாள். டல்சி ஜன்னலைப் பார்த்தாள். ஹெட்லி அக்கார்டியனின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மேயர் பூட்ஸைப் பார்த்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வாய் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தனக்கும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். படியில் நின்று மூச்சு வாங்கிய ஆம்ப்ரோஸின் முதுகு கண்முன்னால் வந்தது.

"எங்க ஆளுங்கள வச்சு வாங்கட்டுமா மேடம்?" என்று ரெமி கேட்டான்.

"வேண்டாம். என் மேஜையில சாப்பிட்டவங்க. நானே வாங்குறேன்."

ஒரு நீள மேஜையை இழுத்துப்போட்டு, வாசலருகே நின்றாள். ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் கையை நீட்டினாள். சிலர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். ஒரு சின்னப் பையன் மர வாத்தை விடமாட்டேன் என்று அழுதான். அவன் அம்மா விரலைப் பிரித்து வாங்கிக் கொடுத்தாள். புட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு மேஜையில் நிறைந்தன. மினா யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், கோட்டுப் பித்தான் உயரத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க, கண்ணு. மன்னிச்சுக்குங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மெக்ஸிகோக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர் என்று சாப்பிடும்போது கையைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருந்தார். ரொட்டியைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பித்தானைப் போட்டிருந்தார். மினா கை நீட்டியதும் அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. அடடா, காசு கொடுக்காமல் வந்துவிட்டேனே என்கிற மாதிரி நெற்றியில் தட்டிக்கொண்டு, அவசர அவசரமாகப் பணப்பையை எடுத்து, நோட்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

மினா நோட்டுகளை அவர் பைக்குள் திருப்பிச் செருகினாள். அவர் கோட்டின் பித்தானைத் தானே கழற்றி, ரொட்டியை எடுத்தாள். கொடுத்த காசு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு ஓடுபாதைப் பக்கம் நடந்தார்.

விமானம் லேசாக எழும்பிப் போயிற்று. கம்பெனியின் முடிவு சாயந்திரமே வந்துவிட்டது. ரெமி அதை அவள் வீட்டுக்கே வந்து சொன்னான். அவன் போனபிறகு மினா கேண்டீனுக்குத் திரும்பிப் போனாள். மேஜையில் எல்லாம் அப்படியே இருந்தன. கொடுத்தவர்கள் யாரும் தங்கள் சாமானைத் திரும்ப எடுக்க வரவில்லை. டல்சிகூட வரவில்லை.

ஆம்ப்ரோஸ் கூப்பிட்டான். பின்னால் லாரிகளின் இரைச்சல் கேட்டது.

"டல்சி சொன்னா. வேலை கெடச்சிருச்சாமே! நெசமாவா?"

"நெசந்தான். மாசக் கடைசியில நீ வந்துடலாம்."

"அப்புறம் ஏன்டி அழற?"

மினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பாட்டத் திருப்பி வாங்கிட்டேன் ஆம்ப்ரோஸ். விருந்தாளி கையிலேருந்து. ஒரு பெரிய மனுஷன் கோட்டப் பிரிச்சு, நெஞ்சுல வச்சிருந்த ரொட்டிய எடுத்தேன். பாவம், அவரு எங்கிட்ட காசு நீட்டினாரு."

அவன் தேற்றுவான் என்று மினா காத்திருந்தாள். பதினாறு வருடம் வெளியில் கிடந்தாலும் அவனும் ஹைன்ஸ் லேக்காரன்தான்.

"யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டான்.

"ஊரே பாத்துச்சு," என்றாள் மினா.